பழைய செடான் காரின் பின்பக்க சஸ்பென்ஷன்: எது தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு கழற்றுங்கள்

பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் தொய்ந்துவிடுகிறது, வேகத்தடையில் அடி தட்டுகிறது. உடனே எல்லோரும் செய்வது ஒரு ஜோடி ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டுவதுதான். மாட்டிய பிறகும் வண்டி கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் நிற்கும். ஏனென்றால் வண்டியைத் தூக்கிப் பிடிப்பது ஷாக் இல்லை, ஸ்பிரிங். ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்காமல் அந்த ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் ஷாக்கின் வேலை. ஆக்ஸிலும், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம்களும் தங்கள் இடத்தை விட்டு நகராமல் பிடித்துக்கொண்டு, அதிர்வையும் உள்ளே விடாமல் பார்ப்பது அவற்றின் இணைப்புகளில் செருகியிருக்கும் ரப்பர் புஷ்கள். இந்த மூன்றையும் மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. உயரம் குறைந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கி ஏறியபின் வண்டி ஆடிக்கொண்டே போனால் ஷாக்கைப் பாருங்கள். தட்டும் சத்தமோ, வளைவில் பின்பக்கம் தனியாக இழுப்பது போன்ற உணர்வோ வந்தால் புஷ்கள், ஷாக்கின் மேல் மவுன்ட், லிங்க் ராடு ஆகியவற்றைப் பாருங்கள். சில வண்டிகளில் மூன்றும் சேர்ந்தே போயிருக்கும், அது வேறு விஷயம், ஆனால் அதையும் சோதித்துத் தெரிந்துகொண்டுதான் காசு செலவழிக்க வேண்டும்.

அடியில் படுப்பதற்கு முன்னால் சில விஷயங்கள். டிக்கியைக் காலி செய்யுங்கள், ஸ்பேர் வீல், ஜாக்கி, டூல் பை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். சஸ்பென்ஷன் சத்தம் என்று நினைத்தது சரியாக இறுக்காத ஸ்பேர் வீலாக இருக்கலாம். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள் அறுந்திருந்தாலும் இதே மாதிரிதான் தட்டும். டயர் காற்றைச் சரியான அளவுக்கு வையுங்கள், காற்று குறைந்தாலே பின்பக்கம் அலைவது போலத் தோன்றும்.

அப்புறம் டயரைத் தடவிப் பாருங்கள், அது நிறையச் சொல்லும். சுற்றிலும் மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் ஷாக்தான் காரணம், சில நேரம் வீல் பேலன்ஸோ பேரிங்கோ. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் கோணம் கெட்டிருக்கிறது. பின்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் மல்டி லிங்க் வண்டிகளில் ஸ்பிரிங் தொய்ந்தாலே சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து உள்விளிம்பு தேயும். இரண்டு சக்கரத்தையும் ஒரே பீம் இணைக்கும் டார்ஷன் பீம் வகையில் தொய்வால் மட்டும் அப்படி ஆவதில்லை, அதில் உள்விளிம்பு தேய்ந்தால் பீம் அல்லது சக்கரம் பொருந்தும் ஹப் வளைந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

உயரத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டேப்பை எடுங்கள். சமமான தரையில், டிக்கி காலியாக, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்திவிட்டு, வீலின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து பாருங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். நான்கு மூலைகளையும் அளப்பது முக்கியம், ஏனென்றால் முன்பக்கம் ஒரு மூலை தொய்ந்தால் அதற்குக் குறுக்கே இருக்கும் பின்மூலை தூக்கிக்கொள்ளும், அப்போது நன்றாக இருக்கும் மற்ற பின்ஸ்பிரிங் தொய்ந்தது போலத் தெரியும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் சரியான உயரம் இருக்கும். அது கிடைக்காவிட்டாலும் இடது வலது வித்தியாசம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் ஸ்பிரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த அளவை எழுதி வையுங்கள், ஸ்பிரிங்கை மாற்றாவிட்டால் கடைசியில் போல்ட் இறுக்கும்போது வேண்டும்.

டிக்கி மூலையில் கை வைத்து நன்றாக அழுத்தி விடும் பழைய சோதனை இருக்கிறதே, அதைச் செய்யலாம், ஆனால் முழுதாக நம்பக்கூடாது. விட்டதும் மேலே வந்து உடனே அடங்கினால் சரி, இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. ஆனால் ஆடாமல் நிற்பது மட்டும் ஷாக் நன்றாக இருப்பதற்கு ஆதாரம் இல்லை. துரு ஏறி இறுகிய புஷ்களே ஆட்டத்தைத் தடுத்துவிடும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மேடு பள்ளமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு உடனே நிறுத்தி இரண்டு பின் ஷாக்குகளின் உடலையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். ஷாக் ஆட்டத்தை வெப்பமாக மாற்றித்தான் அடக்குகிறது, அதனால் வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்திருப்பது வேலை செய்யவில்லை.

சரி, இப்போது வண்டியைத் தூக்குவோம். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது, பின்பக்கத்தைத் தூக்கிய நொடியே அது இருந்தும் பயன் இல்லை. அதனால் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். வண்டியோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்ற மட்டும்தான், அதன் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டக்கூடாது. மேனுவல் காட்டும் இடங்களில் இரண்டு ஜாக் ஸ்டாண்ட் வைத்து, வண்டியைத் தள்ளி ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் அடியில் போக வேண்டும். செங்கல், மரக்கட்டை அடுக்கு எல்லாம் வேண்டவே வேண்டாம்.

சக்கரம் தரையில் படாத நிலையில் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும். லொடலொடவென்று ஆடினால் வீல் பேரிங்கையோ ஜாயின்ட்டையோ சந்தேகப்படலாம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஒரு கையை ஸ்பிரிங் மேல் வையுங்கள், பேரிங் போயிருந்தால் உறுமல் கைக்குத் தெரியும். பிறகு சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்து ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஸ்பிரிங் உடைவது பெரும்பாலும் கடைசிச் சுற்றில்தான், உடைந்த துண்டு ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்திலேயே சேறோடு ஒளிந்திருக்கும், சுத்தம் செய்யாமல் கண்ணில் படாது. ஷாக்கின் மேல் லேசான ஈரக்கசிவும் அதில் ஒட்டிய தூசியும் இருப்பது சாதாரணம். எண்ணெய் வழிந்து கீழ்வரை நனைந்திருந்தால் மாற்ற வேண்டும். ஆனால் ஒரு சொட்டுகூட ஒழுகாத ஷாக்கும் உள்ளே வால்வு தேய்ந்து செத்திருக்கலாம். கீழ் போல்ட்டைக் கழற்றி (டார்ஷன் பீம் என்றால் கீழே சொல்லியிருப்பதுபோல முதலில் பீமைத் தாங்கிவிட்டு) கையால் இழுத்து அழுத்தும்போது இரண்டு திசையிலும் சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும், நடுவில் எங்காவது வெறுமையாக வழுக்கினால் அது முடிந்தது. ஷாக்கின் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் பொடிந்து போயிருந்தால் வண்டி பலமுறை அடி தட்டியிருக்கிறது.

புஷ்களில் மேலோட்டமான மெல்லிய வெடிப்புகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வயதான ரப்பர் எல்லாம் அப்படித்தான். ரப்பர் இரும்பு ஸ்லீவை விட்டுப் பிரிந்திருக்கிறதா, கிழிந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறதா, ஆர்ம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உலோகத்தில் உரசிய பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கடப்பாரை போன்ற நெம்புகோலால் மெதுவாக நெம்பினால் கொஞ்சம் அசைவது இயல்பு, தட்டென்று உலோகத்தில் மோதினால் போய்விட்டது. சில புஷ்களுக்குள் திரவம் இருக்கும், அது கசிந்து கறுப்பாக வழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். கிரீச் சத்தம் எந்தப் புஷ்ஷில் என்று தெரியவில்லையா? ஒவ்வொன்றாக சோப்புத் தண்ணீர் தெளித்து ஆட்டிப் பாருங்கள், எதில் தெளித்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான். எண்ணெய், கிரீஸ் தெளிக்காதீர்கள், பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊத வைத்து நாசமாக்கும்.

இந்தக் கட்டத்தில் ஸ்பிரிங்கோ ஷாக்கோ பாடியில் பொருந்தும் இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். துரு அடுக்கடுக்காக உதிர்ந்து திருப்புளி உள்ளே போனால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். புதுப் பாகம் மாட்டுவதற்கு முன் அந்த இடத்தைத் தெரிந்தவர் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும்.

மாற்றும் வேலைக்கு வருவோம். ஷாக்கும் ஸ்பிரிங்கும் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் புதிது மறுபக்கம் பழையது என்றால் வண்டி ஒருபக்கம் சாய்ந்து ஓடும், அவசர பிரேக்கில் அது விளையாட்டு இல்லை. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் கட்டை செருகி உயரத்தை ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கட்டை இருக்கும் சுற்று வேலை செய்யாது, பாரமெல்லாம் மற்ற சுற்றுகள் மேல் விழும், ஏற்கெனவே களைத்த ஸ்பிரிங்கை உடையும் வரை ஓட்டுவதற்கான வழி அது.

போல்ட்களில் முந்தின இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள், ரப்பரில் படாமல் பார்த்து அடியுங்கள். டார்ஷன் பீம் வண்டி என்றால் பீமுக்கு அடியில் ஒரு ஜாக்கியை வைத்து லேசாகத் தாங்கிய பிறகே ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் ஆக்ஸில் அளவுக்கு மேல் கீழே இறங்காமல் தடுப்பதே ஷாக்தான், தாங்காமல் கழற்றினால் பீம் திடீரென்று விழுந்து பிரேக் ஹோஸை இழுக்கும். மேல் நட்டு டிக்கியின் உள்மூடிக்குப் பின்னாலோ சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்குள்ளோ இருக்கும். நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றும்போது தண்டை பிளையரால் பிடிக்கவே கூடாது. அந்த வழுவழுப்பான பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் போதும், மேலும் கீழும் போகும்போது சீலை அறுத்து எண்ணெயை வெளியே விட்டுவிடும். தண்டின் நுனியில் ஆலன் கீ அல்லது சிறு ஸ்பானர் பிடிக்க இடம் இருக்கும், அதில் பிடியுங்கள்.

ஸ்பிரிங் தனியாக, ஷாக் தனியாக இருக்கும் வண்டிகளில் இரண்டு பக்க ஷாக்கின் கீழ் போல்ட்டையும் எடுத்துவிட்டு ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து பல மாடல்களில் கையோடு வந்துவிடும். இறக்கும்போது பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றையும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள், இறுக ஆரம்பித்தால் அவற்றின் கிளிப்பைக் கழற்றிவிட்டுத் தொடருங்கள். ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்தைச் சுத்தம் செய்து துருவுக்கு பெயின்ட் அடித்து, ரப்பர் பேடையும் புதிதாகப் போடுங்கள். ஸ்பிரிங்கின் முனை கிண்ணத்தில் உள்ள தடுப்பில் சரியாக முட்டி நிற்க வேண்டும், திரும்பி உட்கார்ந்தால் சத்தமும் வரும், உயரமும் மாறும்.

ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும் ஸ்ட்ரட் வகை என்றால் கதை வேறு. அதில் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த ஸ்ட்ரட்டின் நடு நட்டை, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் போடாமல் கழற்றினால் ஸ்பிரிங் பறக்கும், உயிரே போகலாம். ஸ்ட்ரட்டை முழுதாக வண்டியிலிருந்து இறக்கி, ஸ்பிரிங் மாற்றும் வேலையை மட்டும் நல்ல பிரஸ் இருக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

புது ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை முழுதாக அழுத்தி நீட்டுங்கள். படுக்க வைத்திருந்த ட்வின் ட்யூப் (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய் உள்ள) ஷாக்கில் எண்ணெய்க்குள் காற்று கலந்திருக்கும், இப்படிச் செய்தால் வெளியேறும். அப்புறம் மறுபடி படுக்க வைக்காமல் மாட்டிவிடுங்கள்.

புஷ் மாற்றுவதாக இருந்தால் பழையதை அழுத்தி வெளியேற்றும் முன் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று ஆர்மில் கோடு போட்டு வையுங்கள். ரப்பரில் இடைவெளி விட்டு வார்த்த புஷ்கள் குறிப்பிட்ட திசையில்தான் உட்கார வேண்டும், சுழன்று உட்கார்ந்தால் மெத்தென்று இருக்க வேண்டிய திசையில் கடினமாகவும் கடினமாக இருக்க வேண்டிய திசையில் தொளதொளவென்றும் ஆகிவிடும். சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், பிரஸ் அல்லது திருகி இழுக்கும் கருவியும் சோப்புத் தண்ணீரும் போதும்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம். ரப்பர் புஷ்ஷின் உள் ஸ்லீவை போல்ட் அசையாமல் பிடித்துக்கொள்கிறது, சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கி நெகிழ்ந்து கொடுக்கிறது. சக்கரம் காற்றில் தொங்கும்போது அந்த போல்ட்டை இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் இருக்கும். சும்மா நிற்கும்போதே இழுபட்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் இழுபட்டு, நல்ல புஷ்கூட சீக்கிரமே கிழியும், வண்டியும் கொஞ்சம் தூக்கினாற்போல நிற்கும். அதனால் புஷ் போல்ட் எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, வண்டி தன் எடையில் நிற்கும்போது கடைசி இறுக்கம் கொடுங்கள். ராம்ப் இல்லையென்றால் ஹப்புக்கு அடியில் ஜாக்கி வைத்து, வீல் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை மேனுவல் சொல்லும் உயரம் வரும்வரை தூக்கி, அந்த நிலையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். மேனுவல் இல்லாமல் ஸ்பிரிங்கும் புதிதாக மாற்றியிருந்தால், வண்டியை இறக்கிக் கொஞ்சம் உருட்டி நிறுத்தி, புது உயரத்தை அளந்து அதையே பயன்படுத்துங்கள், பழைய தொய்ந்த அளவு உதவாது. ஷாக்கின் கீழ்க் கண்ணில் உள்ள ரப்பருக்கும் இதே விதிதான். ஒருமுறை கழற்றிய நைலான் லாக் நட்டை மறுபடி போடாதீர்கள்.

பழைய வண்டிகள் சிலவற்றில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு சிறு கம்பியோ ஸ்பிரிங்கோ ஒரு வால்வுக்குப் போகும். பின்னால் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை உயரத்தை வைத்து உணர்ந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். உயரம் மாறினால் அதன் கணக்கும் மாறும், புது ஸ்பிரிங் போட்ட பிறகு மேனுவல்படி அதைச் சரிசெய்யாமல் விட்டால் பின் பிரேக் சரியான அளவில் பிடிக்காது.

முடித்ததும் நான்கு சக்கர அலைன்மென்ட் பாருங்கள். டார்ஷன் பீம் வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் சரிசெய்ய எதுவும் இருக்காது, இருந்தாலும் அளந்து பார்த்தால் பீம் வளைந்திருப்பது தெரிந்துவிடும். ஹெட்லைட்டையும் சரிபார்க்க வேண்டும். பின்பக்கம் தொய்ந்திருந்த காலத்தில் யாராவது வெளிச்சத்தைக் கீழே இறக்கி வைத்திருந்தால் இப்போது அது வண்டிக்கு மிக அருகிலேயே ரோட்டில் விழும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்களையும் ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

மேடு பள்ளமாகத் தேய்ந்த பழைய டயர் அதே வண்டியில் இருந்தால் உறுமல் சத்தம் நிற்காது, அதைக் கேட்டு வேலை சரியாக முடியவில்லை என்று மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். அந்த டயர்களை முன்பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டினால் சத்தமும் அவற்றோடு முன்னால் போய்விடும், அப்போது காரணம் டயர்தான் என்று தெளிவாகிவிடும்.