பஜேரோவின் மூக்கை ஓர் அங்குலம் தூக்க

பழைய மிட்சுபிஷி பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் வண்டியின் முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறதா? புது ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் அடியில் பாருங்கள். முன்பக்கம் காயில் ஸ்பிரிங் கிடையாது, முறுக்குக் கம்பிதான் (டார்ஷன் பார்): முறுகி எதிர்த்து வண்டியைத் தாங்கும் நீளக் கம்பி. அதன் பின்முனையில் உள்ள அட்ஜஸ்டர் நட்டை இறுக்கினால் வண்டி உயரும். செலவு ஒரு ஸ்பேனர்தான்.

முதலில் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் தொங்கும் நிலையில் நட்டைத் திருப்புங்கள். பாரத்தோடு திருப்பினால் மரை போய்விடும். இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இறக்கி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். நின்ற இடத்தில் எடுக்கும் அளவு பொய் சொல்லும்.

ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது. ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டக்’ என்று அடிக்கும். ஆக்சில் ஜாயின்ட்டும் அதன் ரப்பர் பூட்டும் சீக்கிரம் போகும். கம்பி விறைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, கீழிறங்கும் இடம்தான் குறைந்திருக்கிறது.

அப்புறம் வீல் அலைன்மென்ட், கட்டாயம். ஹெட்லைட்டையும் சற்றுத் தாழ்த்திவிடுங்கள், எதிரே வருபவர் திட்டாமல் இருக்க.