மார்கழி சீசன்: ஒரே நாளில் மூன்று கச்சேரி நிம்மதியாகக் கேட்க வழி

சென்னையின் டிசம்பர் கர்நாடக இசை சீசனில் எனக்கு ஓயாத தொல்லை இதுதான்: மாலை முதல் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் முதலான தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கும்போதே எழ வேண்டும், அடுத்த சபாவுக்கு, அதாவது அடுத்த கச்சேரி அரங்குக்குப் போனால், தொடக்கத்தில் பாடும் வர்ணம் முடிந்திருக்கும். பாடகர் பெயரை வைத்துப் பட்டியல் போட்டேன், தி.நகர், மயிலாப்பூர் என்று அலைச்சல்தான் மிச்சம். காரை விட்டு ஆட்டோவுக்கு மாறியும் நெரிசல் குறையவில்லை.

பேட்டை வாரியாகப் பிரித்ததும் சரியாகிவிட்டது. ஒரு நாள் முழுக்க மயிலாப்பூர்: பாரதிய வித்யா பவன், ரசிக ரஞ்சனி சபா, எல்லாம் நடையிலேயே. இன்னொரு நாள் டி.டி.கே. சாலை: மியூசிக் அகாடமி, நாரத கான சபா. முதலில் குறிக்க வேண்டியது டிக்கெட் உள்ள மாலைக் கச்சேரியை. மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம், அவற்றை அதே பேட்டையில் தேடிச் சேர்க்கலாம்.

பலர் கவனிக்காதது கதவு. பாட்டு நடக்கும்போது உள்ளே விடாத சபாக்கள் உண்டு. விரிவான ஆலாபனையோடு (சொல் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) வரும் பிரதான உருப்படியின்போது, அதாவது கச்சேரியின் முக்கியப் பாடலின்போது, போய்ச் சேர்ந்தால், தனி முடியும்வரை முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெளியே நிற்க நேரும். அதனால் முந்தைய இடத்தில் கடைசியில் வரும் சிறு பாடல்களான துக்கடாக்களை விட்டுக்கொடுத்து, தனி முடிந்த கைத்தட்டலிலேயே கிளம்புவது நல்லது. மிருதங்கக்காரருக்கும் அதுவே மரியாதை. சபா கேன்டீனுக்கு மூன்றரை மணிக்குள் போய்விட வேண்டும். ஆறு மணிக்கு வரிசை நகராது.