பட்டன் பார்த்து வாங்காதீங்க: கார் ட்ரெய்லருக்கு டயர் எடுக்கும் முறை

நாங்கள் இருப்பது கோவை செட்டிபாளையம் பக்கம். காரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கும் ஊர் என்பதால் ரேஸ் காரும் ட்ரெய்லரும் எங்களுக்குப் பழகிய சங்கதி. என்னிடம் இருப்பது நாலு பக்கமும் மூடின, இரண்டு ஆக்சில், நாலு சக்கர ட்ரெய்லர். உள்ளே ஒரு கார், டூல் அலமாரி, ஜெனரேட்டர், ரேஸ் டயர் இரண்டு செட். இதை பிக்கப்பில் கோத்துக்கொண்டு சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வருஷம் நாலைந்து தடவை போய் வருகிறேன்.

முதலில் என்ன தப்புச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லர் வாங்கும்போது அதில் 195/65 ஆர் 15 கார் டயர் இருந்தது. விற்றவர், "பட்டன் பாருங்க, புதுசாட்டம் இருக்குது" என்றார். பட்டன் என்றால் தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள். நானும் குனிந்து பார்த்தேன், பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மே மாத மதியம், சங்ககிரி தாண்டியதும் பின்னால் தகரத்தை அடிப்பது போலச் சத்தம். இடது பக்க முன் டயரின் பட்டன் பட்டை பாதி உரிந்து, சுற்றிச் சுற்றி அடித்து, சக்கரத்துக்கு மேல் இருக்கும் வளைவை (வீல் ஆர்ச்) கிழித்து, உள்ளே தரைப் பலகையையும் பெயர்த்திருந்தது. கார் தப்பியது. பின்னால் பைக்கில் வந்த தம்பி மேல் அந்த ரப்பர் விழாமல் போனதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்கும்.

சங்ககிரி லாரிக்காரர் ஊர். பஞ்சர் கடை அண்ணன் டயரைக் கையில் எடுத்துப் பட்டனைப் பார்க்கவே இல்லை. டயரின் பக்கச் சுவரை, அதாவது சைடுவாலைத் துடைத்து, அதில் இருந்த எண்ணைப் படித்தார். "ஏனுங்க, இது எத்தனை கிலோ தாங்கும்னு பார்த்தீங்களா? எந்த வருஷத்து டயர்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அதனால் டயர் கடைக்குப் போகும் முன் எடை மேடைக்குப் போங்கள். காரை ஏற்றி, டூல், பெட்ரோல் கேன், தண்ணீர் என்று பயணத்துக்குப் போவது போலவே நிரப்பிக்கொண்டு போங்கள். முதலில் முன் ஆக்சிலை மட்டும் மேடையில் நிறுத்துங்கள், அப்புறம் பின் ஆக்சில், அப்புறம் இடது பக்கச் சக்கரங்களை மட்டும். எடை மேடைக்காரர் கொஞ்சம் முணுமுணுப்பார், ஆனால் போட்டுக் கொடுப்பார். என் ட்ரெய்லர் மொத்தம் 3,000 கிலோ. அதில் 350 கிலோ கொக்கி வழியாக பிக்கப் மேல் இறங்குகிறது. மீதி 2,650 கிலோ நாலு டயரில். நாலால் வகுத்தால் 660 சொச்சம்தான் வரும், ஆனால் அந்தக் கணக்கை நம்பக்கூடாது. முன் ஆக்சிலில் 1,420 இருந்தது. டூல் அலமாரி இடது பக்கம் என்பதால் அந்தப் பக்கம் 1,390. கூட்டிக் கழித்தால் இடது முன் டயர் மட்டும் 750 கிலோ அளவுக்குச் சுமந்திருக்கிறது. உரிந்ததும் அதேதான்.

சைடுவாலில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதுதான் லோடு இண்டெக்ஸ், டயர் எத்தனை கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. பழைய டயரில் 91 என்று இருந்தது. 91 என்றால் 615 கிலோ. கார் டயரை ட்ரெய்லரில் போட்டால் அதையும் 1.1 ஆல் வகுக்கச் சொல்வார்கள், ஆக 560 கிலோ. அதன் மேல் 750 ஏற்றியிருக்கிறேன். டயர் மேல் குற்றமே இல்லை.

சரி, எது வாங்கலாம்? அமெரிக்காவில் எஸ்டி என்று அச்சிட்டு ட்ரெய்லருக்கென்றே டயர் விற்கிறார்கள். இங்கே எனக்குக் கைகொடுத்தது வேன், மினி லாரிக்குப் போடும் சி வகை கமர்சியல் டயர். நான் எடுத்தது 195 ஆர் 14 சி, லோடு இண்டெக்ஸ் 106/104. முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு 950 கிலோ, இரண்டாவது, லாரியில் போல ஒரே பக்கம் இரண்டு டயர் ஒட்டி மாட்டும் ஜோடிச் சக்கரத்துக்கு, டயருக்கு 900 கிலோ. நமக்கு முதல் எண்தான். அதிகம் சுமக்கும் சக்கரத்தை வைத்துக் கணக்குப் போட்டு, ஐந்தில் ஒரு பங்காவது கையிருப்பு விடுங்கள். சி டயரின் சைடுவால் விறைப்பாக இருக்கும். இரட்டை ஆக்சில் வண்டியை இடுக்கான இடத்தில் திருப்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபட்டு முறுகும். உள்ளே கம்பி அடுக்கு விட்டுப்போக ஆரம்பிப்பது அங்கேதான்.

பிராண்டு பற்றி நான் சண்டை போட மாட்டேன். எம்ஆர்எஃப், அப்பல்லோ, சியட், ஜேகே எல்லாரும் கமர்சியல் டயர் செய்கிறார்கள். நாலும் ஒரே மாடலாக இருக்கட்டும், ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும். பழைய டயரில் புதுப் பட்டன் ஒட்டிய ரீட்ரேடிங் டயர் லாரிக்கு ஓடலாம், மாதக்கணக்கில் நின்றுவிட்டு ஒரே நாளில் 500 கிலோமீட்டர் ஓடும் ட்ரெய்லருக்கு நான் போட மாட்டேன்.

தயாரிப்புத் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நாலு எண்: 2319 என்றால் 2019 ஆம் வருஷத்தின் 23 ஆவது வாரம். சில டயரில் இது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், உள்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்று ரப்பர் விறைத்துச் சாகிறது. கடையில் ஆறு மாதத்துக்கு மேல் பழையதை நான் எடுப்பதில்லை. ஐந்து வருஷம் முடிந்தால் பட்டன் முழுசாக இருந்தாலும் மாற்றிவிடுகிறேன். வீட்டில் நிற்கும்போது டயருக்கு வெயில் படாமல் தென்னந்தடுக்கு சாத்தி வைக்கிறேன்.

டயரோடு டிஸ்க்கையும், அதாவது டயர் மாட்டும் சக்கரத்தையும் பாருங்கள். கார் அலாய் அந்த எடைக்கும் காற்றழுத்தத்துக்கும் செய்யப்பட்டதில்லை. ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) பொருந்தும், பிரேக் டிரம்மில் இடிக்காத இரும்பு கமர்சியல் டிஸ்க் போட்டேன், ரப்பர் வால்வுக்குப் பதில் உலோக வால்வு. புது டயர் உயரம் கூடுதல் என்பதால் வீல் ஆர்ச்சில் இடம் இருக்கிறதா என்று அளந்துகொண்டேன்.

அப்புறம் காற்று. பெட்ரோல் பங்கில் பையன் கார் பழக்கத்தில் 35 பிஎஸ்ஐ வைத்துவிடுவான். இந்த டயர் 950 கிலோ தாங்குவது 65 பிஎஸ்ஐ இருந்தால்தான். காற்று குறைந்தால் சைடுவால் மடங்கி மடங்கிச் சூடேறும், அந்தச் சூடுதான் டயரைக் கொல்கிறது. கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, லாரி பஞ்சர் கடையில் அடித்துக்கொண்டு சொந்த கேஜில் பார்க்கிறேன். வழியில் டயர் சூடானபின் அழுத்தம் ஏறிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

விஜயமங்கலம் சுங்கச்சாவடி தாண்டி ஒரு நிழலில் ஒதுக்கி, சக்கர நட்டுகளை, அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் மறுபடி இறுக்குவேன். நாலு டயரையும் ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிடச் சுட்டால் காற்று இறங்கியிருக்கும், இல்லை பிரேக் பிடித்திருக்கும், இல்லை பேரிங். என்னவென்று தெரியாமல் அங்கிருந்து வண்டியை எடுப்பதில்லை.