பக்கத்து ஊர்ப் பள்ளியில் பையனைச் சேர்ப்பதற்கு முன்

முதல் தடவை பக்கத்து ஊரில் ஒரு தனியார் பள்ளியில் என் பையனைச் சேர்த்தபோது நாங்கள் பார்த்தது இரண்டே விஷயம். பொதுத்தேர்வு ரிசல்ட், புதுக் கட்டடம். அப்போது அவனுக்குப் பத்து வயது. மூன்றே மாதத்தில் பந்தைத் தொடுவதையே விட்டுவிட்டான். மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிப் போவான். பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன், கணக்குப் போட்டதில் தவறு எங்களுடையது. மறு வருஷம் வேறு பள்ளி தேடியபோதுதான் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று புரிந்தது.

பயண நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். வேலை நாள் ஒன்றில், பஸ் கிளம்பும் அதே நேரத்துக்கு அந்த வழியில் நீங்களே ஒரு தடவை போய் வாருங்கள். இருபது நிமிஷத் தூரம் என்று நாங்கள் நினைத்த இடத்துக்குப் பள்ளி பஸ் 55 நிமிஷம் எடுத்துக்கொண்டது. போக 55, வர 55. வருஷத்துக்கு 200 நாள் பள்ளி என்று வைத்துக்கொண்டால் 366 மணி நேரம். அதாவது இரவு பகலாகப் பதினைந்து நாள் அவன் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் தூக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016இல் சொன்னது. இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 6:50க்கு பஸ் என்றால் ஆறு மணிக்கு எழ வேண்டும். அப்படியானால் ஒன்பது மணிக்கே தூங்கியாக வேண்டும். வீடு வந்து சேர்வது 5:10. சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம், விளையாட்டு எல்லாமே நடுவில் இருக்கும் நாலு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காது என்று தெரிந்தால், எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பஸ்ஸைப் பற்றி இன்னும் மூன்று கேள்வி. உங்கள் பையன் எத்தனையாவது ஸ்டாப்? பஸ் வழியில் நின்றுபோனால் யார் யாருக்கு போன் செய்வார்கள்? பள்ளி முடிந்த பிறகு விளையாட்டுப் பயிற்சியோ நாடக ஒத்திகையோ இருந்தால், வெளியூர்ப் பிள்ளைகள் எப்படி வீடு திரும்புவார்கள்? கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்காமல் விட்டோம். பயிற்சியெல்லாம் நாலரைக்கு மேல், பஸ் கிளம்புவதோ நாலு மணிக்கு. அவ்வளவு பெரிய மைதானத்தை என் பையன் வருஷம் முழுக்க ஜன்னல் வழியாகத்தான் பார்த்தான்.

பள்ளியைப் பார்க்கப் போகிறீர்களா, அவர்கள் அழைக்கும் நாளில் மட்டும் போகாதீர்கள். சாதாரண நாளில், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். இப்போது அவன் படிக்கும் பள்ளியில் நான் அப்படி நின்ற அன்று, ஒரு சின்னப் பையன் ஒற்றை ஷூவைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டு வந்தான். பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஒரு டீச்சர் தரையில் உட்கார்ந்து, முடிச்சு விழுந்த கயிற்றைப் பொறுமையாகப் பிரித்து, அவன் காலில் மாட்டிவிட்டு ஏற்றினார். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. என் மனது பாதி அங்கேயே முடிவு செய்துவிட்டது.

மீதிப் பாதியை நோட்டுப் புத்தகம் முடிவு செய்தது. அங்கே படிக்கும் பிள்ளை யாராவது தெரிந்தவர் வீட்டில் இருந்தால், கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். முந்தைய பள்ளியில் என் பையன் 7 × 8 = 54 என்று எழுதியிருந்ததற்கும் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார்கள், பக்கத்துக்கு ஒரே நீளமான டிக். இந்தப் பள்ளிப் பிள்ளையின் நோட்டில், எந்த வரியில் தப்பு ஆரம்பித்ததோ அங்கே ஒரு சின்ன வட்டம். கீழே அதே கணக்கு மறுபடி போடப்பட்டிருந்தது. ஆசிரியர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ரிசல்ட்டைப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்றால், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், தேர்வு எழுதியது எத்தனை பேர் என்று கேளுங்கள். சுமாராகப் படிப்பவர்களை முன்கூட்டியே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டாலும் நூறு வரும். இன்னொன்று, 15 வயது மாணவர்களுக்காகப் பல நாடுகளில் நடக்கும் பீசா தேர்வின் 2009ஆம் ஆண்டு முடிவுகளை, அந்தத் தேர்வை நடத்தும் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு ஆராய்ந்தது. வீட்டுச் சூழலும் பள்ளிச் சூழலும் ஒத்த இடங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமமாகவே மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். உங்கள் ஊரிலேயே இருக்கும் பள்ளியையும் அதனால் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கழிவறையைக் காட்டச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, அது போதும். கட்டணத்தில் பஸ், சீருடை, புத்தகம், தேர்வு எல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பதினோரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? நீங்கள் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஊரில் அவனை அழைத்துப் போய் வைத்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவர் வேண்டும், அவர் பெயரைப் பள்ளியில் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எங்களுக்கு அப்படி யாரும் இல்லை. அதே வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் பாட்டியிடம் கூச்சப்படாமல் கேட்டேன், உடனே சரி என்றார்.

பையனிடமும் கேளுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வான். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். அன்று சாயங்காலம், மதியம் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று மட்டும் கேட்டேன். மூன்று பெயர் சொன்னான். அதில் ஒருவன் கோல் கீப்பராம். முந்தைய பள்ளியில் வருஷம் முழுக்க இதே கேள்விக்கு "யாரும் இல்லை" என்று சொன்னவன் அவன். மறுநாள் காலையிலேயே போய் விண்ணப்பம் வாங்கினேன்.