பழைய ஒட்டோ கியர் காரில் நியூட்ரல் சுவிச் மாற்றுதல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்புகிறீர்கள். டாஷ்போர்ட் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஹோர்னும் அடிக்கிறது, ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டரிலிருந்து ஒரு சிறு சத்தம்கூட இல்லை. கியர்த் தடியைப் பார்க்கிலிருந்து (P, நிறுத்தி வைக்கும் நிலை) நியூட்ரலுக்கு (N) இழுத்து மறுபடி திருப்பினால் எஞ்சின் உடனே இயங்கிவிடுகிறது. முப்பது, நாற்பது வருடம் ஓடிய ஒட்டோ கியர் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லைதான். தடி பார்க்கிலோ நியூட்ரலிலோ இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகவிடுவது, கியர்ப் பெட்டியின் பக்கவாட்டில் அல்லது தடியின் அடியில் பொருத்தப்பட்டிருக்கும் நியூட்ரல் சுவிச். கையால் கியர் மாற்றும் மொரிஸ் மைனரில் இது கிடையாது.

தவறுகளுள் மிகப் பெரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவிச்சுக்கு வரும் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி, ரேப் (ஒட்டும் நாடா) சுற்றி, "வேலை முடிந்தது" என்று விட்டுவிடுவதே அது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது வன்னியில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். போரின்போது பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் கம்பியும் இறப்பரும் கொண்டு வாகனங்களை உயிரோடு வைத்திருந்தோம். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஒரு சுவிச்சில் அதைக் காட்டக்கூடாது. என் உறவினர் ஒருவரின் காரில் கராச் ஒன்றில் இப்படித்தான் வயர்களை இணைத்துக் கொடுத்திருந்தார்கள். பல மாதம் எந்தக் குறையும் இல்லை. ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வர, கண்ணாடியை ஏற்றுவதற்காக அவருடைய மகன் வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்ப, அது ஸ்டார்ட் வரை போய்விட்டது. தடி டிரைவில், அதாவது முன்னே ஓடும் நிலையில், இருந்தது. கார் பாய்ந்து கிணற்றுக் கட்டில் மோதி நின்றது. கட்டுக்கும் பம்பருக்கும் இடையில் அகப்பட்டுத் தகடாகிப்போன அலுமினிய வாளியை நானே கையில் எடுத்துப் பார்த்தேன். சற்று முன்புவரை அந்த இடத்தில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த தவறு, சோதிக்காமலே சுவிச்சைக் குற்றவாளி ஆக்குவது. 'டிக் டிக்' என்று சத்தம் வந்து விளக்குகள் மங்கினால் பற்றரியையும் அதன் முனைகளையும்தான் முதலில் பார்க்க வேண்டும். விளக்குகள் மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் மாத்திரமே சுவிச்மேல் சந்தேகம் வரலாம். ஸ்டார்ட்டர் மின்சாரம் சுவிச் வழியாகவே போகும் வகைக் கார்களில், தடியைப் பார்க்கில் வைத்து, ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, மற்றவர் சுவிச்சின் இரு வயர்களிலும் மீற்றரை வைத்துப் பார்க்கலாம். ஒரு வயரில் 12 வோல்ற் அளவில் வந்து மற்றதில் வராவிட்டால் சுவிச் பழுதாக இருக்கலாம். இரண்டிலும் வராவிட்டால் கோளாறு சாவிச் சுவிச்சிலோ, பியூசிலோ, எலி கடித்த வயரிலோ இருக்கிறது. நெல் மூட்டை அடுக்கிய கொட்டிலில் கார் நிறுத்துபவர்கள் எலியை மறக்கவே கூடாது. சில கார்களில் சுவிச் ஒரு ரிலேயின் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் மின்சுவிச்சின்) எர்த் பக்கத்தை இணைப்பதால், அந்த வண்டிக்குரிய வயர்ப் படத்தைப் பார்க்காமல் முடிவுக்கு வருவது சரியல்ல.

நியூட்ரலில் இயங்கிப் பார்க்கில் இயங்காத வண்டியில் சுவிச் நல்லதாகவே இருக்கவும்கூடும். தடியையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும் கம்பியின் மூட்டுகளில் உள்ள புஷ்கள் (சிறு வளையங்கள்) கிரவல் வீதியின் செம்புழுதியில் தேய்ந்து, தடி பார்க்கைக் காட்டும்போது உள்ளே நிலை மாற்றும் தண்டு அந்த இடத்தை எட்டாமல் நின்றுவிடும். தேய்ந்த புஷ்ஷை விட்டுவிட்டுப் புதிய சுவிச் போட்டால் ஒரு மாதத்தில் அதே தொல்லை திரும்பும். கழற்றிய பாகத்தைக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பிப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் எல்லா நிலைகளுக்கும் திருப்பி மீற்றரால் பார்த்து வாங்கும்படி அங்கு போகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

காரின் அடியில் படுப்பதற்கு முன்னர் செய்யப்படும் தவறுதான் உயிரோடு விளையாடுவது. "தடி பார்க்கில் இருக்கிறது, கார் அசையாது" என்று நம்பிப் பின்சக்கரம் ஒன்றை ஜக்கால் தூக்குகிறார்கள். பின்சக்கரத்தால் ஓடும் காரில் பார்க் என்பது கியர்ப் பெட்டியிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் வெளித் தண்டைத்தான் பூட்டுகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால், இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் பற்சக்கரத் தொகுதியான டிபரென்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, நிலத்தில் இருக்கும் மற்றச் சக்கரத்தையும் உருளவிடும். போதாததற்கு, இந்த வேலைக்குத் தடியை நியூட்ரலுக்குக் கொண்டுவரவும் வேண்டும். ஆகவே ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, நிலத்தில் நிற்கும் சக்கரங்களின் இருபுறமும் மரக்குற்றி வைத்து, ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் காரை இறக்க வேண்டும். எங்கள் மணல் நிலத்திலும், மாரியில் ஊறிய களியிலும் ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே தடித்த பலகை அவசியம்.

பற்றரியைக் கழற்றும்போது "நெகற்றிவ்வைக் கழற்று" என்று மனப்பாடமாகச் செய்வதும் பழைய கார்களில் பிழைக்கலாம். 1960களின் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு (காரின் உலோக உடலோடு) இணைந்திருக்கும். எந்த முனையின் கேபிள் பொடிக்குப் போகிறதோ அதையே முதலில் கழற்றுங்கள்.

இனிக் கழற்றிப் பூட்டும் வேலை. துருப்பிடித்த நட்டைச் சுத்தியலால் தட்டியோ, நிலை மாற்றும் தண்டில் பூட்டியிருக்கும் நெம்புகோலை மட்டும் முறுக்கியோ கழற்றினால், தண்டோடு சேர்ந்திருக்கும் உள்பாகங்கள் வளையலாம். துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு, அந்த நெம்புகோலை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்த வேண்டும். பழைய சுவிச் கழன்றதும் அதன் உட்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். கியர்ப் பெட்டி ஒயில் பிசுபிசுத்திருந்தால் தண்டின் ஒயில் சீல் ஒழுகுகிறது. சீலை மாற்றாவிட்டால் புதிய சுவிச்சும் ஒயில் குடித்துப் பழுதாகும்.

புதியதைப் பொருத்தியவுடன் போல்ட்டை இறுக்கிவிடுவது பலரும் செய்யும் பிழை. தண்டு நியூட்ரலில் இருக்க, போல்ட்டை அரைகுறையாக வைத்துச் சுவிச்சை மெதுவாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். டொயோட்டாவின் பல கியர்ப் பெட்டிகளில் சுவிச்சின் பள்ளத்தையும் அதன்மேல் கீறப்பட்ட நியூட்ரல் கோட்டையும் நேராக்குவார்கள். நிசானில் இரண்டு துளைகளும் ஒரு நேரில் வரும்படி மெல்லிய ஊசி ஒன்றைச் செருகுவார்கள். ஒஸ்ரின் ஏ60இல் விரும்பியவர்களுக்குக் கிடைத்த போர்க் வார்னர் 35 பெட்டியிலோ சுவிச்சே பெட்டிக்குள் திருகப்படுவதால், எத்தனை சுற்று என்பதே அளவு, அதைப் பூட்டு நட்டு பிடித்துவைக்கிறது. போல்ட்டுகள் சிறியவை, மணிக்கட்டு பலமே போதும், அதற்கு மேல் போனால் அலுமினிய மரை அழியும்.

வயர் இணைப்பில் வெறும் ரேப்பை நம்பக்கூடாது. எங்கள் வெயிலில் அதன் பசை இளகிப் புழுதியைப் பிடிக்கும், மாரி வந்தால் அந்தப் புழுதியே ஈரத்தைத் தேக்கிவைக்கும். சொல்டர் பண்ணி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, சைலன்சர் குழாயில் தொடாதபடி கிளிப் அடித்து மேலே கட்டுங்கள்.

முன்னும் பின்னும் ஆட்கள் நிற்காமல் பார்த்துக்கொண்டு, காரை நிலத்தில் இறக்கி, ஹாண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்தபடி, எல்லா நிலைகளிலும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் எஞ்சின் எழ வேண்டும். ரிவேர்ஸ் லைற் அதே சுவிச்சில் வரும் வண்டிகளில் அது ரிவேர்ஸில் மட்டும் எரிய வேண்டும். ரிவேர்ஸிலோ டிரைவிலோ ஸ்டார்ட்டர் ஒருமுறை முனகினாலும் காரை வீதிக்கு எடுக்காமல் போல்ட்டை மறுபடி தளர்த்துங்கள்.