அலுவலக ஹாலோவீனுக்குப் பரங்கிக்காய் விளக்கு செய்வது எப்படி?

வேடம் போட்டு, மிட்டாய் பகிர்ந்து கொண்டாடும் ஹாலோவீன் வரும் அக்டோபர் 31, அமெரிக்காவில் அரசு விடுமுறை நாள் அல்ல என்பதால், அலுவலக ஹாலோவீன் பெரும்பாலும் மதிய உணவு வேளையை ஒட்டிய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் வேடம் போட வேண்டுமே என்று தயங்குவதுண்டு. என்னைக் கேட்டால், வேடத்தைவிடப் பரங்கிக்காய் செதுக்குவதே நல்ல தொடக்கம். கூச்சப்படுபவரும் கையில் ஒரு கரண்டியை வாங்கிக்கொண்டு சேர்ந்துவிடலாம். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்த வழக்கம், 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்கா வந்தபோது, குடைய எளிதான பரங்கிக்காய்க்கு மாறியது.

படி 1: நாளும் அனுமதியும்

மேலாளரிடமும் மனிதவளத் துறையிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 31ஆம் தேதி வார இறுதியில் வந்தால் முந்தைய வெள்ளிக்கிழமை வசதிப்படும். 2024இல் தீபாவளியும் அதே நாளில் வந்ததைப் போல நேரும் ஆண்டுகளில், விடுப்பில் செல்வோரையும் கணக்கில் கொள்ளுங்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் போன்றோர் சமயக் காரணங்களால் ஹாலோவீன் கொண்டாடுவதில்லை. எனவே, விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரலாம் என்று அழைப்பிலேயே தெளிவாக எழுதுங்கள்.

படி 2: காயைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று நான்கு பேருக்கு ஒரு காய் போதும். அடிப்பகுதி தட்டையாகவும், தோல் எங்கும் அழுந்தாமலும், காம்பு உறுதியாகவும் இருக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்துவிடும்.

படி 3: குடைதலும் செதுக்குதலும்

மேசையில் செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். மூடியை மேற்புறத்தில் வெட்டுவதானால், கத்தியின் நுனி காயின் நடுவை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டிய மூடி உள்ளே விழுந்துவிடும். அடியில் வட்டமாக வெட்டித் திறப்பது இன்னும் நல்லது, ஏனெனில் விளக்கைத் தரையில் வைத்து அதன்மேல் காயைக் கவிழ்த்தாற்போல் வைத்துவிடலாம். விதைகளையும் நாரையும் கரண்டியால் வழித்தெடுத்த பின், முகம் வரப்போகும் பக்கத்தை மட்டும் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் வரும்வரை சுரண்டுங்கள். முகத்தைத் தாளில் வரைந்து, அதைக் காயின்மேல் ஒட்டி, கோடுகளின் வழியே ஊசியால் குத்திக்கொண்டே சென்றால், தாளை எடுத்த பிறகும் புள்ளிகள் வழி காட்டும். வெட்டுவதற்குச் சமையல் கத்தி வேண்டாம். தடித்த தோலில் சிக்கி, இழுக்கும்போது வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். அக்டோபரில் கடைகளில் கிடைக்கும் சிறிய பல்வாள் (ரம்பம்) பாதுகாப்பானது. கண், மூக்கு ஆகிய சிறு துண்டுகளை முதலிலும், வாயைக் கடைசியிலும் வெட்டுங்கள். மெழுகுவர்த்திக்குப் பதிலாக மின்கல விளக்கையே பயன்படுத்துங்கள். அலுவலகக் கட்டடங்களில் பொதுவாக நெருப்புக்கு அனுமதி கிடைப்பதில்லை.

விதைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி உலர்த்தி, உப்புப் போட்டு வறுக்கலாம். சதையைச் சாம்பாருக்கு என்று எடுத்துப்போக வேண்டாம். செதுக்குவதற்கென விற்கும் காயில் நாரும் நீருமே மிகுதி.

படி 4: மிட்டாயும் வேடமும்

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கக்கூடும் என்பதால், ரீஸஸ் போன்ற வேர்க்கடலை மிட்டாய்களைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேடம் விருப்பம்தான், முகத்தை முழுதும் மறைக்கும் முகமூடி, பொம்மைத் துப்பாக்கி, ஓர் இனத்தையோ மதத்தையோ கேலி செய்யும் உடை ஆகியவற்றைத் தவிருங்கள். "புடவையோ வேட்டியோ கட்டி வாருங்களேன்" என்று யாரேனும் கேட்டால், அது எங்கள் உடை, வேடம் அல்ல என்று சிரித்தபடியே சொல்லிவிடலாம்.

படி 5: அப்புறப்படுத்துதல்

வெட்டிய காய் அறையின் வெப்பத்தில் சில நாட்களிலேயே பூசணம் பிடித்துவிடும். ஆகவே கொண்டாட்டத்தன்றோ அதற்கு முந்தைய நாளோ செதுக்குங்கள். அந்த வார வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும் முன், மின்கல விளக்கை எடுத்துவிட்டு, காயை உணவுக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.