லியர் அரசனைச் செட்டிநாட்டு வீட்டில் குடியேற்றுவது எப்படி

ஷேக்ஸ்பியரின் ‘லியர் அரசன்’ நாடகத்தை இந்தக் காலத்துப் படமாக்க உட்காருகிறவர்கள் முதலில் கதையை எழுத வேண்டாம். கிழட்டு அரசன், தன்மேல் எவ்வளவு அன்பு என்று மூன்று மகள்களையும் சொல்லச் சொல்லி, புகழ்ந்து பேசிய மூத்தவர்கள் இருவருக்கும் நாட்டைப் பிரித்துக் கொடுத்து, அப்படிப் பேசாத இளையவளை விரட்டுகிறான்; நாட்டை வாங்கியவர்கள் பின்னால் அவனையே வெளியே தள்ளுகிறார்கள். கதை இதுதான். கதை நடக்காமலே போய்விட எத்தனை வழி இருக்கிறது என்று எழுதுங்கள். 1606-இல் அரசவையில் இந்த நாடகம் ஆடப்பட்டபோது, மகள்கள் கதவைச் சாத்தினால் கிழவனுக்குப் போக்கிடம் கிடையாது. இன்று செல்போன் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. இதில் ஒரு வழி திறந்திருந்தாலும் பார்க்கிறவர் மனம் அங்கேயேதான் நிற்கும். எல்லா வழியையும் அடைக்க வேண்டும். பெரும்பாலும் அடைக்கிற கை அந்தப் பெரியவருடையதாகவே இருக்க வேண்டும்.

அரசனும் வேண்டாம், நாடும் வேண்டாம், வீடு போதும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீடு, வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றிப் பர்மாத் தேக்குத் தூண்கள், கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் மட்டும் திறக்கும் அறைகள். பிரித்தால் பாழாகிவிடும் ராஜ்யம் இதுதான். ஆனால் பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடாக எழுதிவிடாதீர்கள். அவர் தனியாக எழுதிக்கொடுக்க முடியாது என்று காரைக்குடியில் முதல் காட்சியிலேயே சொல்லிவிடுவார்கள். அவர் ஒருவருக்கே பாத்தியப்பட்ட வீடாக இருக்கட்டும்.

அடுத்த ஓட்டை இன்னும் பெரியது. மகன் இல்லாத செட்டியார் ஏன் பிள்ளை கூட்டிக்கொள்ளவில்லை? நகரத்தாரிடையே சுவீகாரம் சர்வசாதாரணம். இதற்குப் பதில் இல்லாத திரைக்கதை இந்த ஊரில் நிற்காது. பதிலை அவருடைய பெருமையாகவே வையுங்கள்: “எனக்கு மூணு மக்க இருக்கு, பிள்ளை எதுக்கு?” என்று பங்காளிகள் நடுவே முப்பது வருஷமாகச் சொல்லி வந்தவர் அவர். அந்தப் பேச்சு நல்ல பேச்சு. அதனால்தான் பின்னால் வலிக்கும். ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1985-இல் இதே நாடகத்தைத் தழுவி ‘ரான்’ எடுத்தபோது மகள்களை மகன்களாக்கினார். அவர் எடுத்துக்கொண்ட ஜப்பானியக் காலத்துக்கு அது பொருத்தம். இங்கே தேவையில்லை. தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுக்க 2005-இலும் வந்த வாரிசுரிமைச் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு மகளுக்குப் பங்கு என்பது வீட்டுக்கு வீடு பேசுகிற பேச்சு.

அன்பைச் சொல்லச் சொல்லும் காட்சிக்குப் பலர் சதாபிஷேகத்தைத் தேடிப் போவார்கள், லியருக்கும் எண்பது வயது என்பதால். ஆச்சி (மனைவி) இல்லாதவரைத் தனியே மணையில் உட்கார்த்தி அதைச் செய்யும் வழக்கமில்லை. எண்பதாவது பிறந்தநாள் விருந்து போதும். மைக் ஒன்று, வீடியோக்காரர் ஒருவர், மகள்கள் வாழ்த்திப் பேச வேண்டும். மூத்தவளும் நடுவுளவளும் பேசி முடித்ததும் மைக் இளையவள் கைக்கு வருகிறது. “ஒண்ணுமில்லைங்க, அப்பச்சி” என்று (அப்பாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மைக்கை விட்டு விலகிச் சொல்லட்டும். அந்த ‘ஒண்ணுமில்லை’ ஸ்பீக்கரில் பாதிதான் கேட்க வேண்டும். மீதியை அப்பச்சி தப்பாக நிரப்பிக்கொள்கிறார்.

மறுநாள் சார்பதிவாளர் அலுவலகம். நாடகத்தில் எதிர்த்துப் பேசி விரட்டப்படும் கென்ட், இங்கே கணக்குப்பிள்ளை. பத்திரத்தில் ஆயுட்கால அனுபவ உரிமையை எழுதச் சொல்கிறார். கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்க்கச் சொல்கிறார். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் எழுதிக்கொடுத்ததை ரத்து செய்ய வழி தருகிறது. “பெத்த மக்ககிட்ட நிபந்தனையா?” என்று அந்த வரியை அவரே அடிக்கச் சொல்ல வேண்டும். பின்னால் யாராவது மனுப் போடச் சொன்னாலும் ஊர்ப் பஞ்சாயத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவர் போகமாட்டார். கென்ட் வேஷம் மாற்றித் திரும்பி வருவதை விட்டுவிடுங்கள். எல்லார் போனிலும் அவர் முகம் இருக்கிறது. சம்பளமில்லாமல், வெளிப்படையாகவே கூட இருக்கட்டும்.

நாட்டைக் கொடுத்த பிறகும் லியர் தன்னோடு வைத்துக்கொள்ளும் நூறு வீரர்களை மகள்கள் படிப்படியாகக் குறைப்பதுதான் இந்தத் தழுவலின் உயிர்நிலை. அதை இலைக்கணக்காக மாற்றுங்கள். மதியம் அவர் வீட்டில் நூறு இலை விழும்: கோயில் ஆட்கள், பழைய வேலைக்காரர்கள், தூரத்து உறவு. மூத்தவள் இரண்டாங்கட்டில் உட்கார்ந்து, ஈரம் சொட்டும் வாழையிலைக் கட்டைப் பிரித்து ஐம்பதை எண்ணித் தனியே வைக்கிறாள். முகத்துக்குப் போகாதீர்கள், விரல்களிலேயே இருங்கள். அவளிடம் நியாயமும் இருக்க வேண்டும். நூறு பேருக்கு ஒரு வேளைக்கே பதினைந்து கிலோ அரிசி ஆகும், சமையலுக்கு ஆள் கிடைப்பதில்லை. இவளை வில்லியாக்கினால் படம் சீரியலாகிவிடும். நடுவுளவள் வீட்டில் இருபத்தைந்து. பிறகு இரண்டு மகள்களும் சேர்ந்து நிற்கும் ஒரே காட்சியில் பத்து, ஐந்து, “ஒண்ணுதான் எதுக்குங்க அப்பச்சி?” மூலத்தில் இரண்டாம் அங்கம், புயல் இரவில் கதவைச் சாத்தச் சொல்வதோடு முடிகிறது. 130 நிமிஷப் படத்தில் அறுபத்தைந்தாவது நிமிஷம் அது வரட்டும். அங்கேயே இடைவேளை விடுங்கள்.

கிளாஸ்டர் என்ற பிரபு, அவருடைய இரண்டு மகன்கள் பற்றிய கிளைக்கதையை இந்த நீளத்துக்குள் தாங்க முடியாது. அதில் சூழ்ச்சி செய்யும் மகன் எட்மண்டின் வேலையை இரண்டாவது மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

புயலுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. இடம், சீமைக்கருவேலம் மண்டிய செம்மண் பொட்டல். போன் ‘டவர் இல்லை’ என்று தப்பிக்காதீர்கள். மணி அடிக்கிறது, இளையவள் பெயர் தெரிகிறது, அவர் எடுக்கவில்லை. மழை திரையில் தெரிய வேண்டுமானால் விளக்கு மழைக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் தாரை காணாமல் போகும். வீட்டுக்குள் எடுக்கும்போது ஆத்தங்குடித் தளத்தின் (கையால் செய்த பூப்போட்ட கற்கள்) மேல் பிளைவுட் விரிக்காமல் டிராலி ஓட்டாதீர்கள். ஈரத்தில் அந்தத் தளம் வழுக்கும், கீறினால் பழையபடி ஆகாது.

முடிவை மாற்றச் சொல்வார்கள். 1681-இல் நாகம் டேட் என்ற ஆங்கிலக் கவிஞர், மூலத்தில் சாகும் இளைய மகள் கார்டீலியாவைப் பிழைக்கவைத்து எழுதினார். சுமார் ஒன்றரை நூற்றாண்டு அந்த வடிவமே மேடையில் ஓடியது. இசையாதீர்கள். ஆனால் கார் விபத்திலும் அவளைக் கொல்லாதீர்கள். சாவு அந்தப் பத்திரத்திலிருந்தே வர வேண்டும். மாப்பிள்ளை வளவுத் தூண்கள் இரண்டைப் பழம்பொருள் கடைக்கு விற்றுவிட்டு, சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்திருக்கிறார். மழையில் ஊறி ஓட்டுக்கூரை கனத்திருக்கிறது. முட்டு நிற்காது என்று தெரிந்து மூத்தவள் போன் செய்கிறாள், தாமதமாக. அதற்குள் அப்பச்சியின் மூக்குக்கண்ணாடியை எடுக்க இளையவள் உள்ளே போய்விட்டாள்.

மூலத்தில் லியர், மகளுக்கு மூச்சிருக்கிறதா என்று பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி கேட்பான். இங்கே அவள் கையில் இருக்கும் அவருடைய மூக்குக்கண்ணாடியே அந்தக் கண்ணாடி. துடைத்து, அவள் நாசியருகே பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். கண்ணாடியில்லாமல் அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆவி படிந்ததா, மழை ஈரமா என்பது நமக்கும் தெரியாதபடி பிடியுங்கள். அந்த ஷாட்டுக்கு இசை வேண்டாம், ஓட்டிலிருந்து முற்றத்தில் விழும் தண்ணீர்ச் சத்தம் போதும்.